விற்காத மோட்டார்

அண்ணனின் மோட்டாரை விற்றுவிடச் சொல்லி எங்கள் வீட்டு வாசலுக்கு முதலில் வந்தவர் பெரிய கிராணிதான். தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தர், மேனேஜர் துரைக்கு அடுத்தபடி அவர்தான். விபத்து நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அண்ணன் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு முறிந்து, காலைக் கம்பியில் தொங்கவிட்டுப் படுத்திருந்தான். மோட்டார், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துச் சாக்கடையோரம் கைப்பிடி கோணி, முன் மட்கார்டு நசுங்கி, சுவரில் சாய்ந்து நின்றது. கிராணி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டாங்கியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதைப் பாத்துப் பாத்து எதுக்கு மனசு கஷ்டப்படணும்? என் பையன் கேக்கறான். நானே எடுத்துக்கறேன்" என்றார்.

அம்மா அழுது களைத்திருந்தார். "எடுத்துட்டுப் போங்கய்யா. என் கண்ணுல படாம இருந்தாச் சரி" என்றார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்கறதா இல்லைங்க சார்" என்றேன் நான்.

கிராணி என்னை அப்போதுதான் பார்த்தார். லயத்துப் பெண் பிள்ளை ஒருத்தி பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "யார் கேட்டா உன்னை?" என்றார்.

"அது அண்ணனோடது. அண்ணன் விக்கச் சொல்லல."

அவர் போன பிறகு அம்மாவிடம் அடி வாங்கினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வயதிலும் அடிப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. செமிலிங்குக்கு உள்ளே, ஜெராய் மலையின் அடிவாரத்தில் ஏறியும் இறங்கியும் கிடந்த கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம், எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்கிறேன். அதில் ஒரு பிடி மண்ணும் எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவும் அப்பாவும் மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையை உளியால் சீவிப் பால் எடுத்தார்கள். அண்ணன் மருந்தடிக்கும் வேலை செய்தான். லயத்தில் சிலரிடம் சின்ன மோட்டார்கள் இருந்தன. மோட்டார் சைக்கிளை நாங்கள் மோட்டார் என்றுதான் சொல்வோம். அண்ணன் வாங்கியது வேறு மாதிரி. பழையதுதான், யாரோ ஓட்டிக் களைத்தது. ஆனால் ரேஸ் மோட்டார். நீண்ட டாங்கி, தாழ்ந்த கைப்பிடி, முறுக்கினால் மலை வரைக்கும் கேட்கும் கீச்சுக் குரல். அது லயத்துக்குள் வந்த நாளிலிருந்தே அண்ணனை எல்லோரும் ரேஸ்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் மெதுவாகப் போனாலும் அந்தப் பெயர் போகவில்லை.

லயத்திலிருந்து தோட்டத்து வாசலுக்குப் போக ஓர் இறக்கம் உண்டு. செம்மண் சடக்கு; ரோட்டை அப்படித்தான் சொல்வோம். இறங்கி முடிகிற இடத்தில் ஒரு வளைவு, வளைவில் ஒரு சின்னப் பாலம். மழை பெய்தால் அந்த மண் சோப்பு மாதிரி ஆகிவிடும். அண்ணன் அந்த இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது கித்தாப் பால் ஏற்றும் லோரி பக்கத்துப் பாதையிலிருந்து குறுக்கே வந்தது. அண்ணன் சறுக்கிக்கொண்டு போய் அதன் சக்கரத்தில் மோதினான். லோரி டிரைவர் ஆபீஸில் போய், "மோட்டார் கத்திக்கிட்டு வந்துச்சு சார், ரேஸ் விட்டுக்கிட்டு வந்தான்" என்று சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். தன் தப்பால் விழுந்தவன் என்று ஆகிவிட்டதால் அவன் படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. லயத்திலும் யாரும் மறுத்துப் பேசவில்லை. ரேஸ்காரன் விழுந்தான், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணன் மெலிந்துபோயிருந்தான். கிராணி வந்ததைச் சொன்னேன்.

"நான் ரேஸ் விடல" என்றான் அவன். "பிரேக்கப் புடிச்சேன், நிக்கல. கியரைக் கொறச்சேன், அப்பவும் நிக்கல. டயரு அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. சொன்னா யார் நம்பறா?"

"நான் நம்பறேன்."

"நீ நம்பி என்ன செய்ய?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி என் பக்கம் திரும்பி, "வித்துடாத. அதை வித்துட்டா நான் சொன்னது பொய்யின்னே ஆயிடும்" என்றான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதுதான் மனத்தில் ஓடியது. கிராணியின் மகன் அந்த மோட்டாரைக் கொண்டுபோய் ரிப்பேர் செய்து ஓட்டுவான். அவன் விழாமல் ஓட்டினால், பார், மோட்டாரில் கோளாறு இல்லை, ஓட்டியவனிடம்தான் கோளாறு என்பார்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. குருணில் ஒரு பேக்டரியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. லயத்திலிருந்து பத்துப் பெண்கள் போல அங்கே போனோம். பேக்டரி பஸ் உள்ளே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் வரைக்கும் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். தோட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. பெண்கள் எல்லாம் பேக்டரிக்குப் போய்விட்டால் மரம் வெட்ட யார்? திடீரென்று ஒரு நாள் வாசல் கம்பியை இறக்கிவிட்டார்கள். வெளி வண்டி உள்ளே வரக்கூடாது, சடக்கு கெட்டுப் போகிறதாம். பால் லோரி ஏறி இறங்கினால் கெடாத சடக்கு, எங்கள் பஸ் வந்தால் கெட்டுவிடுமாம்.

பஸ் பெரிய சடக்கிலேயே நின்றது. அதுவரைக்கும் விடியாத இருட்டில் கித்தா மரங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாக வேலையை விட்டு, உளியை எடுத்துக்கொண்டு மரத்துக்குத் திரும்பினார்கள். என் அம்மாவும் எனக்கு ஓர் உளியைத் தீட்டி வைத்திருந்தார்.

"நான் மோட்டார்ல போறேன்" என்றேன்.

அம்மா நம்பாமல் பார்த்தார். "எந்த மோட்டாரு?"

"அண்ணனோட மோட்டாரு."

எனக்கு ஓட்டத் தெரியும். அண்ணன் முன்னே வைத்திருந்த சின்ன மோட்டாரில் தோட்டத்துத் திடலில் பழகி, சுங்கைப் பட்டாணியில் லைசென்ஸும் எடுத்திருந்தேன். லைசென்ஸ் எடுத்தபோது அம்மா சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். இப்போது சிரிக்கவில்லை. மோட்டார்ச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "ஒரு புள்ளய அது முடிச்சிருச்சு. இன்னொண்ணையும் குடுக்க மாட்டேன்" என்றார்.

"முடிச்சது மோட்டார் இல்லம்மா. பிரேக்கும் டயரும். அதை மாத்திட்டு ஓட்டறேன்."

"சாவி என்கிட்ட இருக்கு. எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

சாவி இல்லாமலே போனேன். செமிலிங்கில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் வாரம் ஒருமுறை வேனில் லயத்துக்குச் சாமான் கொண்டுவருவார். வேன் காலியானதும் அவரிடம் போய் நின்றேன்.

"பாய், மோட்டாரைப் பீடோங் வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போக முடியுமா?"

"விக்கவா, ரிப்பேருக்கா?"

"ரிப்பேருக்கு."

அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். அம்மா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. "உங்கம்மா நாளைக்கு என் கடையில வந்து சண்டை போட்டா நீதான் பதில் சொல்லணும்லா" என்று சொல்லிக்கொண்டே வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மோட்டாரைத் தூக்கி ஏற்றினோம். வேனில் வெங்காயச் சருகு பரவிக் கிடந்தது. மோட்டார் சாயாமல் இருக்க வழி முழுக்க அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பீடோங்கில் மோட்டார்க் கடை வைத்திருந்தவர் ஒரு சீனர். கட்டையான உடம்பு, வாயில் எப்போதும் பற்ற வைக்காத ஒரு சிகரெட். அவரும் நானும் பேசியது சந்தை மலாயில். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைப் பார்த்தார், கோணியிருந்தது. சக்கரத்தைச் சுற்றினார், அது ஆடிக்கொண்டே சுற்றியது.

"யார் ஓட்டறது?"

"நான்."

சிகரெட்டைக் கையில் எடுத்தார். "பொண்ணுக்கு எதுக்கு இது? இதை இங்கே விட்டுட்டு ஒரு சின்ன மோட்டார் எடுத்துக்கிட்டுப் போ. நல்லதாப் பாத்துத் தரேன்."

"எனக்கு இதுதான் வேணும். முன்னால டிஸ்க் பிரேக் போட்டுக் குடுங்க. டயர் ரெண்டும் புதுசு."

எங்கே கேள்விப்பட்டாய் டிஸ்க் பிரேக்கை என்று கேட்டார். பேக்டரியில் மேற்பார்வையாளர் ஒருவரின் புது மோட்டாரில் பார்த்திருந்தேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தட்டு. பிரேக்கைப் பிடித்தால் இரண்டு கட்டைகள் இரு பக்கமும் அதைக் கவ்வும். எங்கள் மோட்டாரில் இருந்தது டிரம் பிரேக். பிரேக் சூ என்ற கட்டைகள் மூடிய குடத்துக்குள் விரிந்து பிடிக்கும். உள்ளே தேய்ந்தாலும் தெரியாது, தண்ணீர் போனாலும் தெரியாது. டிஸ்க் கண்ணுக்கு முன்னால் இருப்பது, நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

"தா போலே" என்றார் அவர், முடியாது என்று. "பழைய போர்க்கை நிமிர்த்தி, புது பிரேக் சூ போட்டாப் போதும். லயத்துச் சடக்குக்கு அது தாராளம்."

"லயத்துச் சடக்குலதான் எங்கண்ணன் விழுந்தான்."

அவர் சிகரெட்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் உருட்டினார். திரும்பி வரும்போது கையில் ஒரு முழு முன்பக்கம் இருந்தது. அதே கம்பெனி மோட்டாரின் புதிய ரகம். பின்பக்கம் லோரியில் நசுங்கியது, முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்க், சக்கரம், டிஸ்க் தட்டு, எல்லாம் சேர்ந்தாற்போல். "பொருத்திப் பாக்கறேன். பொருந்தலைன்னா என்னைக் கேக்கக்கூடாது" என்றார்.

செலவுக்கு அண்ணன் தன் கேசட் ரேடியோவை விற்கச் சொல்லியிருந்தான். என் சம்பளமும் அதில் சேர்ந்தது.

மறுநாள் பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அவர் பழைய முன்சக்கரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது கடை வாசலில் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்குவதைப் பார்த்தேன். அம்மா. மரம் வெட்டப் போன உடையோடு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், பால் கறை பிடித்த கையோடு நேரே வந்தார். முந்தின இரவு மோட்டார் எங்கே என்று கேட்டபோது நான் மழுப்பியிருந்தேன்; பாய் சொல்லியிருக்கிறார்.

"வா வீட்டுக்கு" என்றார்.

"வேலை முடியட்டும்மா."

"வான்னா வரணும்!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் மோட்டாரின் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு பழைய பிரேக் சூ இரண்டையும் எடுத்து அம்மாவின் முன்னால் நீட்டினார். கட்டையே இல்லை. தேய்ந்து தேய்ந்து இரும்பு தெரிந்தது. அடுத்து பிரேக் கேபிளைக் காட்டினார். கைப்பிடிப் பக்கம் அதன் இழைகளில் பாதி அறுந்து, முனைகள் பளபளவென்று இருந்தன.

"இது புதுசா அறுந்தது" என்று மலாயில் சொன்னார். "ரொம்பப் பலமா இழுத்திருக்கான். இழுத்தும் நிக்கல."

அம்மாவுக்கு மலாய் நன்றாகப் புரியும். என் கையை விட்டார். கேபிளை வாங்கி அறுந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு குனிந்து, கழற்றிப் போட்டிருந்த பழைய டயரில் நகத்தால் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"இது கித்தாவா? கட்டையால்ல இருக்கு" என்றார். முப்பது வருஷம் போல மரம் வெட்டியவர். கித்தா எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஊருக்கெல்லாம் பால் எடுத்துக் குடுக்கறோம். என் புள்ளைக்குக் கிடைச்சது இந்த டயரா?"

அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்போ அவன் பிரேக்கப் புடிச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார், தனக்குத்தானே சொல்வதுபோல்.

வேலை மாலை வரைக்கும் நடந்தது. புது முன்பக்கம் பொருந்துவதற்கு ஒரு வளையத்தைக் கடைந்து போட வேண்டியிருந்தது. டயரை ரிம்மில் ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் தடவி, இரும்புத் தகடால் நெம்பி, கடைக்காரர் இரண்டு முறை கெட்ட வார்த்தை சொன்னார். பின்சக்கரத்துக்கும் புது சூ போட்டார். கடைசியில் பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றினார். அதில் காற்று நின்றுவிட்டால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குமே தவிர பிடிக்காதாம். அதனால் கைப்பிடியை நான் திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்க, கீழே அவர் ஒரு சின்னத் திருகாணியைத் திறந்து மூடினார். கண்ணாடிக் குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. குமிழ் நிற்கும்வரை விடவில்லை. என் கை கடுத்துப் போனது. எண்ணெய் ஒரு சொட்டு டாங்கியில் விழுந்து, அவர் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதற்குள் அந்த இடத்துப் பெயிண்ட் உரிந்துவிட்டது. கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

கட்டையை முட்டுக்கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, கடைக்காரர் அம்மாவைக் கூப்பிட்டார். சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, "புடிச்சுப் பாருங்க" என்று கைப்பிடியைக் காட்டினார். அம்மா தயங்கினார். பிறகு இரண்டே விரலால் பிடித்தார். சக்கரம் டக்கென்று நின்றது. அம்மா கையை விட்டார். அவர் மறுபடி சுற்றினார். அம்மா மறுபடி பிடித்தார். மூன்றாவது முறை அம்மாவே சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடித்துப் பார்த்தார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை என் கையில் வைத்தார். "விழுந்தே, கொன்னுடுவேன்" என்றார்.

புது டயர் முதலில் வழுக்கும், மேல் மெழுகு போகிறவரை சாய்க்காதே, பிரேக்கும் தட்டில் படிந்து பழகட்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் முதலில் திடலில் பழகினேன். பழைய பிரேக்கைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்து முதல் நாளே ஒரு முறை விழுந்தேன். புல்லில்தான் விழுந்தேன். லயமே திரண்டு பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அண்ணன் பத்தலைன்னு தங்கச்சியும் கெளம்பிட்டா" என்று சத்தமாகவே சொன்னார். எழுந்து, முழங்கையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, அவர் முன்னாலேயே இன்னும் நாலு சுற்றுச் சுற்றினேன். பிரேக்கை அள்ளிப் பிடிக்கக்கூடாது. பழுத்த பழத்தை அமுக்கிப் பார்ப்பதுபோல் ஆரம்பித்து, பிறகு இறுக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு நான் விழவில்லை.

பேக்டரிக்கு மோட்டாரில் போக ஆரம்பித்தேன். முதல் வாரமே பெரட்டில், ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது, கிராணி அம்மாவை முன்னால் கூப்பிட்டார்.

"உன் மக ரேஸ் மோட்டார்ல திரியறாளாமே. தோட்டத்துல இது என்ன பழக்கம்? அவளைப் பாத்து மத்ததுங்களும் கெட்டுப் போகும். துரைக்குத் தெரிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரு."

நான் அங்கே இல்லை. அப்பா வந்து சொன்னதுதான். அதுவரை கிராணியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அம்மா, "எம் மக சம்பாரிக்கப் போறாய்யா, திரியப் போகல. பஸ்ஸை நிறுத்தினது நீங்க. நீங்க நிறுத்தினீங்க, அவ ஓட்டறா" என்றாராம்.

பெரட்டுக் களத்தில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அம்மாதான் விலை கொடுத்தார். மறுநாளே அவரை மலையோரத்துக் கிழட்டு மரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். ஏற்றம் அதிகம், பால் குறைவு. அம்மா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் வேலையை விட்டுவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "நீ விட்டேன்னா மலைமேல நான் ஏறினது வீணு" என்றார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பினேன். மரம் வெட்டி முடித்த பிறகு பிடித்த மழை, அப்போதுதான் தூறலாகியிருந்தது. அந்த இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்பேன். பக்கத்துப் பாதையிலிருந்து பால் லோரியின் மூக்கு நீண்டது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை, சடக்கை அடைத்துக்கொண்டு முழுதாக வெளியே வந்தது.

கியரைக் குறைத்தேன். எஞ்சின் ஓலமிட்டது. பின்பிரேக்கை மிதித்தேன், முன்பிரேக்கை இரண்டு விரலால் ஆரம்பித்து இறுக்கினேன். முன்பக்கம் அமுங்கியது. பின்சக்கரம் ஒரு முறை வாலை ஆட்டியது. முன்டயர் மண்ணைக் கடித்துக்கொண்டு விடவே இல்லை. லோரியின் பக்கத்துப் பலகைக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். காலைத் தரையில் ஊன்றினேன்.

டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். நடு வயதுக்காரர், எங்கள் லயத்துக்குப் பின்லயம். அன்றைக்கு அண்ணன் மோதியதும் இவருடைய லோரிதான். முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னையும் பார்த்தார், மோட்டாரையும் பார்த்தார்.

"அதே சத்தம்" என்றார். "அன்னிக்கும் இதே சத்தந்தான் கேட்டுச்சு."

"கியரைக் கொறச்சா இப்படித்தாண்ணே கத்தும்."

"வேகமாப் போறதுக்குக் கத்துதுன்னுலா நான் நெனச்சேன்."

"நிறுத்தறதுக்குக் கத்துச்சு. எங்கண்ணனும் நிறுத்தத்தான் பாத்தான். என் பிரேக் புதுசு, நின்னுட்டேன். அவனோடது நிக்கல."

அவர் மழையில் நனைந்துகொண்டு நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி, போம்மா. வழிய விடு. பால் கெட்டுப் போகும்."

நான் மோட்டாரை லோரியின் முன்னால் உருட்டிக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை அப்படிச் செய்தது.

"ஆபீஸ்ல போய் இப்ப சொன்னதைச் சொல்றேன்னு சொல்லுங்க. எடுக்கறேன்."

"என்னாம்மா நீ! எனக்கும் புள்ள குட்டி இருக்கு. கிராணி எழுதினதை மாத்திச் சொன்னா என் வேலை என்னாகறது?"

"எங்கண்ணன் பேரு என்னாகறது?"

பால் கெட்டுப் போகுமோ என்று அவர் பின்னால் பார்த்தார். எனக்கும் ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இடத்தை விட்டு நான் நகர்வதாக இல்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ, எனக்குத் தெரியாது. கடைசியில் அவர், "சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். எடு" என்றார். எடுத்தேன்.

சொன்னார். ஆபீஸில் தனியாகச் சொல்லாமல், ஸ்டோரில் பால் நிறுக்கும் இடத்தில், வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நிற்க, கிராணி எழுதிக்கொண்டிருக்கும்போது சொன்னார். "அந்தப் பையன் ரேஸ் விடல சார். நிறுத்தத்தான் பாத்தான். நான்தான் சத்தத்தைத் தப்பா எடுத்துக்கிட்டேன். லோரிய வெளிய விட்டதும் நான்தான்." அம்மா வரிசையில் நின்றிருந்தார். கிராணி தலையைத் தூக்கவில்லையாம். அடுத்த வாளியை வைக்கச் சொன்னாராம்.

ஆபீஸில் எதையும் மாற்றி எழுதவில்லை. அண்ணனுக்குச் சேர வேண்டியது கடைசிவரை வரவில்லை. அம்மா மலைமேல்தான் மரம் வெட்டினார். டிரைவருக்கு வேலை போகவில்லை. கிராணி அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அது ஒரு நஷ்டமா என்று டிரைவர் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சிரித்தார். ஆனால் அதன் பிறகு லயத்தில் என் காதுபட யாரும் அண்ணனை ரேஸ்காரன் என்று சொல்லவில்லை. வேலையை விட்ட பெண்களில் ஒருத்தி என் பின்னால் உட்கார்ந்து வர ஆரம்பித்தாள். சீனப் புத்தாண்டுக்குப் பிறகு இன்னொருத்தி அவள் அப்பாவின் சின்ன மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வாசலைக் கடந்தபோது காவல்காரர் கம்பியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "எத்தனை பேருடா இன்னும்?" என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும், வாரா வாரம் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்ததால், ஆஸ்பத்திரிக்குக் கிட்டே மெர்கோங்கில் அத்தை வீட்டில் இருந்தான். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. தோட்டத்து வேலைக்கு இனிமேல் போக முடியாது. அத்தை வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ரேடியோ ரிப்பேர் பழக ஆரம்பித்திருந்தான். தைப்பூசத்துக்கு அவனை வீட்டுக்கு அழைத்துவர நான் போனேன். அம்மா டாக்சிக்குக் காசு கொடுத்திருந்தார். நான் மோட்டாரில் போனேன்.

அத்தை வீட்டு வாசலில் அவன் ஊன்றுகோலோடு மோட்டாரைச் சுற்றி வந்தான். டிஸ்க் தட்டைக் குனிந்து பார்த்தான். டயரின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். டாங்கியில் பெயிண்ட் போன இடத்தைப் பார்த்து, "இதை ஏன்டி கெடுத்தே?" என்றான்.

"ஏறு" என்றேன்.

ஊன்றுகோலைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பெரிய சடக்கில் லோரிகள் எங்களைத் தாண்டிப் போனபோதெல்லாம் அவன் என் தோளை இறுக்கினான். பின்னால் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தான். குருணை நெருங்கும்போது மலைப்பக்கம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுக் கடையோரம் மோட்டார்காரர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள்.

"நிறுத்து, நிறுத்து. மழை விட்டதும் போலாம்" என்று காதருகில் கத்தினான்.

"எதுக்கு?"

"வழுக்கும்!"

"வழுக்காது. புடிச்சுக்கிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டு, ஒதுங்கி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அந்த மழைக்குள்ளேயே போனேன்.